வெள்ளவத்தையில் வெயில், கட்டுநாயக்கவில் மழை

நீ பொய் சொன்னாய், மகன். போன ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும் ஊரில் மூடுபனி இருக்கவில்லை. "அம்மா, இங்க சரியான ஃபொக். ஒரு ஃபிளைட்டும் வெளிக்கிடேல்ல, வீட்ட வரேலாது. லீவும் வீணாப் போச்சு" என்று காலையில் ஃபோன் எடுத்துச் சொன்னாய். "பரவாயில்லை அப்பன், கவனமா இரு" என்று நானும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு உங்கள் விமான நிலையத்தின் வானிலை அறிக்கைகளை எடுத்தேன். சனி மாலை தொடங்கி ஞாயிறு காலை வரை வந்த அத்தனையையும் அச்சடித்தேன். எல்லாவற்றிலும் ஒரே சொல்: CAVOK. கவோகே என்று உச்சரிக்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். பத்துக் கிலோமீற்றருக்குக் கண் தடையில்லாமல் தெரியும், தாழ்ந்த மேகம் இல்லை, மழை இல்லை, இடி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்துப் பாலைவனத்தில் ஒட்டகம் ஒன்று கொட்டாவி விட்டிருந்தாலும் ஓடுபாதையிலிருந்து தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட காலை அது.

இது மூன்றாவது தரம். சித்திரை வருடப்பிறப்புக்குப் புழுதிப் புயல் என்றாய். அன்று உங்கள் ஊரில் அடித்த காற்றுக்கு ஒரு கொடிச்சீலைகூடக் காய்ந்திருக்காது. அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்கு, "கொழும்பில வெதர் சரியில்லையாம் அம்மா" என்று கொழும்பில் இருக்கும் எனக்கே சொன்னாய். நான் அந்த நேரம் மொட்டைமாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டு நின்றேன். மூன்று பொய்க்கும் உரிய அறிக்கைகளை லமினேட் பண்ணிக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கும் நிசார் நானா நேற்று ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, மகன் வரல்லன்டா ஒரு டிக்கட்டப் போட்டு நீங்க போங்களே. வெதர லெமினேட் பண்ணி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்காமல் உனக்குத் தனியாக அனுப்பலாம்தானே என்று அப்பா கேட்டார். "ஒரு ஃபோன் எடுத்து சொறி, மன்னிச்சுக்கொள் எண்டு சொன்னா முடிஞ்சுது. இதுக்கேன் பேப்பர், புத்தகம்?" அவருக்கு உன்னைத் தெரியவில்லை. ஃபோனில் நான் சொன்னால், நான் முடிக்க முதலே "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிடுவாய். உன் பரவாயில்லைக்குப் பிறகு ஒருவராலும் ஒன்றும் பேச முடியாது. அது மட்டுமல்ல காரணம். நான் உன்னை அவமானப்படுத்தியது அறுபத்து மூன்று பேர் இருக்கிற இடத்தில். அதைத் திருத்துவதும் ஊர் பார்க்கத்தான் நடக்க வேண்டும்.

உன் அம்மா யார் என்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஃபோட்டோகொப்பி, பாஸ்போர்ட் படம், விசாப் படிவம் நிரப்புதல். இருபது வருடமாக வெள்ளவத்தையும் பாமன்கடையும் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றுதான் வெளிநாடு போயிருக்கின்றன. பிறந்த தேதியில் ஒரு இலக்கம் பிழைத்தால், "அக்கா, இதைக் கிழிச்சுப் போட்டு வேற எழுதுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவள் நான். கடைச் சுவரில் நான்கு கடிகாரங்கள்: ரொறன்ரோ, லண்டன், சூரிச், சிட்னி. வருகிறவர்களுக்குப் படிவத்தைவிட அதுதான் முக்கியம். "பிள்ளை, இப்ப அங்க எத்தினை மணி? எழும்பியிருப்பினமோ?" நான் சுவரைப் பார்க்காமலே சொல்லுவேன். குளிர்காலத்துக்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு, இரண்டும் எனக்குத் தூக்கத்திலும் வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் சிரிப்பதற்கு உதவும்.

வானிலை அறிக்கையை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு சோதனைச் சாவடியில். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழகத் தொடங்கி ஒரு மாதம்தான். பரீட்சைக்காக ஊர் ஊராக விமான நிலையங்களின் அறிக்கைகளைக் கையால் எழுதி எழுதிப் பழகுவாய். நாலு கடதாசி நிறைய, ஒரு வரியில்கூட மனிதர் பேசும் சொல் கிடையாது. இலக்கமும் பெரிய எழுத்தும் சாய்கோடுமாக இருக்கும். தமிழ்ப் பெடியன், முதுகில் பை, பைக்குள் அப்படிப்பட்ட கடதாசி நாலு. வேறென்ன வேண்டும்? பேருந்தை மறித்து உன்னை இறக்கினார்கள். "மே மொனவாத?" இவை என்னவென்று கேட்டார்கள். "காலகுணே, சேர்" என்றாய். வானிலையாம். வானிலையை உலகத்தில் யார் இப்படி எழுதுவான் என்று அவர்களுக்கு நியாயமான சந்தேகம். மூன்று மணி நேரம் இருத்தி வைத்தார்கள். அதே பேருந்தில் வந்த இன்னொரு மாணவனின் பையிலும் அதே கடதாசிகள் இருந்தன. அவன் பெயர் சிங்களப் பெயர். அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டான். இதை நான் மறந்துவிட வேண்டும் என்று பலபேர் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒருவரையும் இருத்தி வைத்ததில்லை.

நான் கடையைப் பூட்டாமலே ஓடி வந்தேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, கடதாசியில் ஒரு வரியில் விரலை வைத்து, இதை வாசி என்றார். நீ எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்லுகிறமாதிரி, "இது சென்னை, சேர். தென்மேற்குக் காற்று. ஐந்து கிலோமீற்றர் தெரியும். BR என்றால் மெல்லிய பனிமூட்டம். வெப்பம் முப்பது" என்று சிங்களத்தில் சொன்னாய். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தாவது வரியில் அந்த ஆளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு, நாளைக்கு மழை பெய்யுமா என்று கேட்டார். நாளைக்கு அவருடைய மகளுக்கு விளையாட்டுப் போட்டியாம். நீ ஆமென்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வீட்டுக்குப் போயிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தாலும் போயிருக்கலாம். நீயோ, "இது இப்ப நடக்கிறதை மட்டும்தான் சொல்லும், சேர். நாளைக்கு என்ன எண்டு இதில இல்லை" என்றாய். அவருக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டும். "அப்ப இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்று கடதாசிகளைத் தள்ளிவிட்டார். பயங்கரவாதி என்ற சந்தேகம் தீர்ந்து, உதவாக்கரை என்ற முடிவோடு உன்னை விட்டார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் அந்த நாலு கடதாசியையும் நான் கிழித்தேன். இனிமேல் இதைக் காவிக்கொண்டு திரியக்கூடாது, கணக்கியல் படி, ஊரோடு ஒத்த தொழிலைப் பார் என்று கத்தினேன். பயத்தில் கத்தியதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்குள் போட்டாய். பிறகு மேசையில் இருந்து நாலு பக்கத்தையும் மறுபடி எழுதினாய். எழுதி முடித்து, "அம்மா, தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டாய். உனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். பிள்ளை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஊர் உன் தொழிலை எப்படிப் பார்த்தது என்பதும் உனக்குத் தெரியும். "பைலட்டோ? அதுவும் ட்ரைவர் வேலைதானே. மேல ஓடுறான், அவ்வளவுதான்" என்று ரொறன்ரோவிலிருந்து உன் பெரிய மாமா சொன்னார். டொக்டர், இன்ஜினியர், எக்கவுண்டன்ட் தவிர வேறு மனித இனத்தை வெள்ளவத்தை ஏற்றுக்கொள்வதில்லை. நீ தோளில் கோடு போட்ட சட்டையோடு வெளிநாட்டு நிறுவனமொன்றில் துணை விமானியாகச் சேர்ந்த கிழமையே, அதே மாமா உன் சீருடைப் படம் கேட்டு மூன்று தரம் ஃபோன் எடுத்தார். கலியாணத்துக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறதாம். நானும் அனுப்பினேன். அவரைக் குறை சொல்லிக்கொண்டே அனுப்பினேன். அந்தப் படத்தைக் கடையில் பெரிதாக அடித்து, சிட்னி கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்தேன்.

இனிப் பொன்னுருக்கு. உன் சித்தியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை லண்டன். அவரும் தகப்பனும் முன்னதாகவே வந்து, இங்கே ஒரு ஃபிளட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தாலிக்குப் பவுனை உருக்கும் சடங்கு மாப்பிள்ளை வீட்டில்தானே நடக்கும். அந்தப் பவுன் மாப்பிள்ளையின் தாயாரோடு வரவேண்டும். அவருடைய தாய் அவருக்குக் கொடுத்த பவுனாம், அதைத்தான் உருக்க வேண்டும் என்று ஒரே பிடி. அவருக்கு லீவு கிடைத்தது கடைசி நேரத்தில். எந்த விமானத்தில் வருவது என்று கேட்டபோது, ஒருவரும் கேளாமல் நடுவில் விழுந்தவள் நான்தான். "என்ர மகன் ஓட்டுற ஃபிளைட்டில வாங்கோ. காலமை எட்டே காலுக்குக் கட்டுநாயக்க. நேரம் தப்பாது." முகூர்த்தம் பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று இருபத்துநாலு வரை. சித்தி பயந்தாள். "அக்கா, ஒரு நாள் முந்தி வந்தா என்ன?" என்றாள். என் மகன் கொண்டுவருகிறான் என்று நாலு பேருக்குச் சொல்ல எனக்கு ஆசை. அவ்வளவுதான் உண்மை.

அன்றைக்கு வெள்ளவத்தையில் என்ன வெயில் தெரியுமா! எட்டு மணிக்கே தார் வீதி மினுங்கியது. நாங்கள் தட்டங்களோடு மாப்பிள்ளை வீட்டில் நின்றோம். எட்டே காலுக்கு விமானம் இறங்கவில்லை. எட்டரைக்கும் இல்லை. சித்தப்பா, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலியை ஃபோனில் பார்த்து, "வட்டமடிக்குது" என்றார். நான் ஃபோனைப் பிடுங்கி, எல்லாருக்கும் முன்னால், முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்தின் அறிக்கையைத் திறந்தேன். அந்த வரியை இன்றைக்கும் பார்க்காமல் சொல்லுவேன். 0240Z என்று ஓரிடத்தில் இருந்தது. கொஞ்சம் தள்ளி 0600. அதற்குப் பக்கத்தில் +TSRA. TS இடி, RA மழை, கூட்டல் அடையாளம் பலமாக என்று அர்த்தம். இவ்வளவும் உன்னிடம் கற்றது. மிச்சத்தை நானே கற்றுக்கொண்டேன். விடியப்புறம் இரண்டு நாற்பதுக்குத் தொடங்கிய இடிமழை, ஆறு மணிக்கு முடிந்தது. எவ்வளவு தெளிவு! யன்னலுக்கு வெளியே வெயிலும் அதற்குச் சாட்சி சொன்னது. இருபது வருடம் படிவம் வாசித்தவள், தாளில் இருப்பதை வாசித்தேன்.

ஒன்பது மணிக்குப் பிறகு, விமானம் தெற்கே மத்தள விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டது என்று தெரிந்தது. கொழும்புக்கு வந்த கலியாணப் பவுன் அம்பாந்தோட்டைப் பக்கம் போகிறது. பவுனை உருக்க வந்த பத்தர் ஐயா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குந்திக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் செய்ததுதான் குற்றம். நம்முடைய குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். "எல்லாருக்கும் வணக்கம். மழை விடியப்புறம் ரெண்டு நாப்பதுக்குத் தொடங்கி ஆறு மணியோட முடிஞ்சுது. நான் ரிப்போட்டை வாசிச்சனான். இப்ப கட்டுநாயக்கவில ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கட ஆள் பயந்திட்டான் போல." கடைசியில் ஒரு சிரிப்பும் சிரித்தேன். அது பதிவில் இருக்கிறது.

அறுபத்து மூன்று பேரும் அன்றைக்கென்று விழித்திருந்தார்கள். பெரிய மாமா உடனே, "எங்கட பக்கத்து ரத்தம் இல்லை அது. தகப்பன்ர பக்கம்" என்றார். சூரிச்சிலிருந்து ஒருவர் அழுதழுது சிரிக்கும் முகங்களை வரிசையாக அனுப்பினார். அரை மணி நேரத்துக்குள் உனக்கு "மத்தள பைலட்" என்று பெயர் வந்துவிட்டது. அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றார். தன் ரத்தத்தைப் பற்றி வந்ததைக் கேட்டுவிட்டு, "நான் ஒருக்கா ரோட்டுக்குப் போட்டு வாறன்" என்று வெளியே போனார். மாப்பிள்ளையின் தகப்பன், நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவிலிருந்து வேறொரு பவுனை ஓட்டோவில் எடுப்பித்து, பதினொன்று இருபதுக்கு உருக்குவித்தார். உருகியது பவுன். ஆனால் அந்தத் தாய் கொண்டுவந்த பவுன் அல்ல.

மாப்பிள்ளையின் தாயார் வந்து சேர்ந்தபோது இரண்டு மணி ஆகப்போகிறது. என்மேல் பாய்வார் என்று நினைத்து, பலகாரத் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் நேரே வந்து என் கையைப் பிடித்தார். "வெளியில ஒண்டுமே தெரியேல்ல பிள்ளை. பால் ஊத்தினமாதிரி வெள்ளை. சில்லு வெளியில வந்த சத்தமும் கேட்டது. இறங்கீட்டம் எண்டு நினைக்க, திடீரெண்டு மேல தூக்கினவை. ரெண்டு தரம். பிறகு உங்கட மகன் மைக்கில தமிழில கதைச்சவர். 'ஓடுபாதை தெரியேல்ல, அதால திரும்புறம், பயப்பிடாதேங்கோ' எண்டு. அந்தக் குரலைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது." விமானத்துக்குள் இருந்தவர் சொல்லுகிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லை அக்கா, மழை ஆறு மணிக்கே முடிஞ்சுது" என்றேன். தாளில் இருந்ததே!

நீ மத்தியானம் கட்டுநாயக்கவில் இறங்கி ஃபோனைத் திறந்திருப்பாய். நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் கிடந்திருக்கும். முதலாவது உன் அம்மாவின் குரல். நீ அந்தக் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினாய்: "தாமதத்துக்கு எல்லோரும் மன்னிக்கவும்." வழமையாகக் கொழும்பில் தங்கினால் வீட்டுக்கு வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, வெறும் நிலத்தில் படுத்து நித்திரை கொள்ளுகிறவன், அன்றைக்கு உங்கள் ஆட்களுக்கென்று எடுத்த ஹோட்டலிலேயே தங்கிவிட்டாய். "றெஸ்ட் எடுக்க வேணும் அம்மா, ரூல்ஸ்" என்றாய். ஒரு வருடத்துக்கும் மேலாகிறது. இன்னும் நீ வீட்டுப் படி ஏறவில்லை. ரூல்ஸ், புழுதி, பனி, மழை. எல்லாம் மிகுந்த மரியாதையோடு.

என் பிழை எனக்கு மூன்று கிழமையில் தெரிந்துவிட்டது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். பொன்னுருக்குக்குப் பிறகு அந்த அறிக்கைகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பார்த்துக்கொண்டு வர, ஒரு ஊழலைக் கண்டுபிடித்தேன். கடையில் பின்னேரம் மூன்று மணி, வெளியே மழை ஊற்றுகிறது. பக்கத்தில் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்தின் அறிக்கையில் காலை ஒன்பதரை என்று போட்டு, மழை என்று இருக்கிறது. எந்த நாள் பார்த்தாலும் ஐந்தரை மணி நேரம் பிந்தித்தான் போடுகிறார்கள்! மக்களின் வரிப்பணத்தில் நித்திரை கொள்ளுகிறார்கள் என்று எனக்குக் கொதித்தது. மூன்று மொழியிலும் முறைப்பாடு எழுதி, கையொப்பம் வைத்து, திகதியிட்டு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகல் இன்னும் இரண்டு இடத்துக்கு.

நாலாம் நாள் ஒரு அதிகாரி ஃபோன் எடுத்தார். பொறுமையான மனிதர். சிங்களத்தில், "ஏக்க லங்காவே வெலாவ நெவெய், நோனா" என்றார். அது இலங்கை நேரம் இல்லையாம். உலகம் முழுவதும் விமானக்காரருக்கு ஒரே நேரம்தானாம். அதைத்தான் கடைசியில் இருக்கும் Z சொல்லுகிறதாம். நாங்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு விளங்கட்டும் என்று, "லண்டன்ல குளிர்காலத்தில என்ன மணியோ, அதேதான்" என்றும் சொன்னார். நான் தலையை நிமிர்த்தினேன். என் உச்சந்தலைக்கு நேர் மேலே லண்டன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தை முழுவதுக்கும் லண்டன் மணி சொல்லுகிறவள்!

0240Z என்றால் எங்கள் நேரம் காலை எட்டுப் பத்து. நீ இறங்க வந்த நேரம். அப்படியானால் மழை எத்தனை மணிக்கு முடிந்தது, 0600 என்று இருந்ததே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு என் நன்றி. "அது மணி இல்லை, நோனா. மீற்றர்" என்றார். அறுநூறு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பதைத்தான் அது சொல்லியது. இறங்க வரும் ஒரு விமானம் அறுநூறு மீற்றரை எவ்வளவு நேரத்தில் தாண்டும் என்று கேட்டேன். எட்டு ஒன்பது செக்கன் என்றார். ஃபோனை வைத்துவிட்டு மேசையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வருவதற்குள் ஒரு பிள்ளை வந்து, "அன்ரி, ரெண்டு கொப்பி" என்றது. உனக்கு அன்றைக்கு இருந்த நேரம் அவ்வளவுதான். பின்னால் முந்நூறு சனம், சடங்குக்குக் காத்திருக்கும் ஒரு தாய், அவர் மடியில் பவுன். தலைமை விமானி ஓட்டும்போது, ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே தூக்கு என்று சொல்லவேண்டியது பக்கத்தில் இருக்கும் துணை விமானிதான் என்று முன்பு நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ மேலே தூக்கு என்று சொன்னாய். தலைமை விமானி தூக்கினார்.

இதை நான் அன்றைக்கே குழுவில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடத்தைக் கடத்தினேன். மற்றவர்களின் படிவத்தை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கிறவள், என் பிழையை யாருக்கும் காட்டவில்லை. அப்பாவுக்குக்கூட. நீ பொய் சொன்னாய் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உன் மூன்று பொய்யையும் கூட்டினாலும், என் ஒரு வருட மௌனத்துக்குக் காணாது.

கடைசியில் இந்தத் திங்கட்கிழமைதான் துணிந்தேன். அப்பாவுக்கு முதலில் சொன்னேன். அவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என்ர ரத்தத்தில பிழையில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு குழுவில் குரல் பதிவு போட்டேன். ஒன்றும் மறைக்கவில்லை. நேரத்தைப் பிழையாக வாசித்தேன், மீற்றரை மணி என்று நினைத்தேன், என் மகன் அன்றைக்குச் செய்ததுதான் சரி, அவனைப் பயந்தவன் என்று சொன்ன நான்தான் முட்டாள். நாலு நிமிடப் பதிவு. அனுப்பிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் யாரோ ஒரு ரோசாப்பூவும் "இனிய காலை வணக்கம்" என்றும் போட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். பிறகு மூட்டு வலிக்கு முடக்கொத்தான் நல்லது என்று ஒரு செய்தி. மத்தியானம் பெரிய மாமா, "பழைய கதையெல்லாம் ஏன் இப்ப?" என்று ஒரு வரி. உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அறுபத்து மூன்று பேரும் நேரம் ஒதுக்கினார்கள். நீ சரி என்று சொல்ல ஒருவருக்கும் நாலு நிமிடம் கிடைக்கவில்லை. பெரிய மாமா ரொறன்ரோ வீட்டுக்கு என்ன வண்ணம் பூசினார் என்று கேட்டுப் பார், ஒரு மணி நேரம் கதைப்பார்கள்.

இந்தச் சனத்துக்காகவா நான் உன்னை விற்றேன் என்று அன்றைக்கு முழுவதும் குமுறினேன். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாய் என்றால் தகுதியைப் பார்த்தா புத்தி சொல்லுகிறோம்? நாங்கள் இறங்கியவனுக்கு மட்டும் மாலை போடுகிற ஆட்கள். எப்படி இறங்கினான் என்று கேட்கமாட்டோம். பல்கலைக்கழகத்துக்குள் இறங்கினாயா, கனடாவில் இறங்கினாயா, கலியாணத்தில் இறங்கினாயா, அவ்வளவுதான். இது சரிவராது என்று பாதியில் திரும்பியவளை, வேலையை விட்டவனை, நிச்சயம் பண்ணியபின் வேண்டாம் என்றவளை, நாங்கள் சாகும்வரை ஒரு பட்டப்பெயரோடு வைத்திருப்போம். அந்தப் பெயர் வேண்டாம் என்பதற்காகவே எத்தனை பேர் தெரியாத தரையில் குத்தியிருக்கிறார்கள் என்று என் மேசைக்கு முன்னால் விவாகரத்துப் பத்திரம் கொப்பி எடுக்க வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும். நீ அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு முந்நூறு பேரை உயிரோடு கொண்டுவந்தாய். பயம் வந்தால் பயந்துவிடு, மகன். எங்கள் முகூர்த்தம் போனால் இன்னொரு முகூர்த்தம் பார்ப்போம். ஐயர்மார் இருக்கிறார்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீ வீட்டுக்கு வரவில்லை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. போன மாதம் ஒரு பின்னேரம், கடையில் இருந்து வழமைபோலக் கட்டுநாயக்கவைப் பார்த்தேன். இந்த முறை ஐந்தரையைக் கூட்டி, மீற்றரை மீற்றராக வாசித்தேன். பலத்த இடிமழை. பார்வை எண்ணூறு, பிறகு எழுநூறு. சித்தப்பா அன்றைக்குப் பார்த்த அதே செயலியில், இரண்டு விமானங்கள் கடலுக்கு மேலே வட்டமடித்துக் காத்திருந்தன. மூன்றாவது ஒன்று காத்திருக்கவில்லை. நேரே வந்து இறங்கியது. அது உங்கள் நிறுவனத்தின் விமானம். ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் நலமாக இறங்கிப் போனார்கள். அந்த நேரத்தில் மழை ஒரு நிமிடம் விட்டிருக்கலாம். ஓடுபாதை நன்றாகத் தெரிந்திருக்கலாம். என் வாசிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியும். அன்றிரவு உனக்கு, "இன்றைக்குக் கொழும்புக்கு வந்தனியோ?" என்று செய்தி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய். பதில் எழுதவில்லை. மறுநாள் அப்பாவின் கண் எப்படி என்று மிகவும் மரியாதையாக விசாரித்தாய். அதற்குப் பிறகு மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

கோபம் என்றால் கோபி. வரமாட்டேன் என்றால் வரவேண்டாம். பனி, புழுதி என்று இன்னும் பத்துப் பொய் சொல், எல்லாவற்றையும் நம்புகிறேன். இது ஒன்றுக்கு மட்டும் உண்மை சொல். அந்த விமானத்தில் நீ இருந்தாயா? மேலே தூக்கச் சொல்ல வாய் எடுத்த நேரத்தில், உன் காதில் என் சிரிப்புக் கேட்டதா? எனக்குப் பதில் சொல்லு.